ஈரச் சரிவில் வண்டி இறக்குவது: எந்த மண்ணுக்கு எந்த வழி?

கீழ்ப்பழனி மலையில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால், தோட்டத்துக்கு இரு சக்கர வண்டியில் போய் வருகிறவர்களுக்கு ஒரே கவலைதான்: ஏறியாச்சு, எப்படி இறங்குவது? ஏறும்போது சிக்கல் வந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறங்கும்போது சிக்கல் என்றாலே வண்டி நிற்கவில்லை என்று அர்த்தம். தாண்டிக்குடி, பன்றிமலை, ஆடலூர், கே.சி.பட்டி பக்கத்து எஸ்டேட் பாதைகளில் நின்று பார்த்தால் ஆளுக்கொரு விதமாக இறங்கி வருவார்கள். ஃபர்ஸ்ட் கியரைப் போட்டுவிட்டு எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பவர் ஒருவர். பின் பிரேக்கை மிதித்த கால் எடுக்காமல் வருபவர் இன்னொருவர். இன்ஜினை அணைத்துவிட்டு வருபவர், இரண்டு காலையும் மண்ணில் உரசிக்கொண்டு வருபவர், வண்டியைப் பிடித்தபடி நடந்து வருபவர், ‘வெயில் அடிக்கட்டும்’ என்று டீக்கடையிலேயே உட்கார்ந்துவிடுபவர் எல்லோரும் உண்டு. கேட்டால் எல்லோருமே தங்கள் வழிதான் பத்திரம் என்பார்கள்.

எது பத்திரம் என்பதைச் சரிவும் மண்ணும்தான் முடிவு செய்கின்றன, ஆளோ வண்டியோ அல்ல. முடிவை மேலே நின்று எடுக்க வேண்டும். பாதி இறக்கத்தில் மாற்றுவது கஷ்டம்.

காட்டுக்குள் வண்டியை விடுவதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. கொடைக்கானல் மலையின் பெரும்பகுதிக் காடு 2013-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பேச்சு எஸ்டேட் ஜீப் பாதை, பஞ்சாயத்து மண் ரோடு இவற்றைப் பற்றித்தான். எஸ்டேட் பாதைக்கும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவதுதான் மரியாதை.

முதலில் சரிவு. மலைப் பகுதியில் தார் ரோடு போட இந்திய சாலைக் காங்கிரஸ் (சாலைப் பொறியாளர்களின் அமைப்பு) வகுத்திருக்கும் அளவு 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். வேறு வழியே இல்லாத இடத்தில் 100 மீட்டருக்கு 7 மீட்டர் வரை போகலாம். டிகிரியில் சொன்னால் மூன்று, நான்கு. கொண்டை ஊசி வளைவுகள் எதற்கு என்றால் இதற்குத்தான். எஸ்டேட் பாதைக்கு அப்படிச் சட்டதிட்டம் ஒன்றும் கிடையாது. ஜீப் ஏறினால் போதும் என்று வெட்டிய பாதை சர்வ சாதாரணமாக 10 டிகிரி இருக்கும். நடுவில் கொஞ்ச தூரத்துக்கு 20 டிகிரிகூட வரும். கண்ணால் பார்த்து டிகிரி சொல்வது கடினம். ஒரு நேரான குச்சியைத் தரையில் வைத்து, அதன் மேல் செல்போனை வைத்து, லெவல் பார்க்கும் ஆப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். ஓரிரு தடவை அளந்துவிட்டால் அப்புறம் கண்ணே பழகிவிடும்.

டிகிரி தெரிந்து என்ன செய்ய என்று கேட்கலாம். எல்லாம் அதில்தான் இருக்கிறது. சமதரையில் வண்டியின் பாரமும் நம் பாரமும் சேர்ந்து இரண்டு சக்கரத்துக்கும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக இறங்குகிறது. சரிவில் பாரம் முன்னால் சாயும். 10 டிகிரியில் முன்னுக்கு அறுபது, பின்னுக்கு நாற்பது என்றாகும். 20 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கு முன் சக்கரத்தில். பின் சக்கரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். பாரம் இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை.

இப்போது பின் சக்கரத்தை மட்டும் நம்பி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 10 டிகிரி சரிவில் வேகம் கூடாமல் வர, டயருக்கும் மண்ணுக்கும் இடையே 0.4-க்குச் சற்று மேல் உராய்வு வேண்டும், அதாவது சக்கரத்தில் இறங்கும் பாரத்தில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் பிடிப்பாகக் கிடைக்க வேண்டும். இரண்டு சக்கரத்தையும் பயன்படுத்தினால் 0.18 போதும். 20 டிகிரியில் பின் சக்கரம் மட்டும் என்றால் 1-க்கு மேலேயே தேவைப்படும். காய்ந்த தார் ரோட்டில்கூட டயருக்கு 0.7, 0.8 அளவுதான் கிடைக்கிறது. நனைந்த செம்மண்ணில் அதில் பாதி கிடைத்தாலே புண்ணியம். அதாவது செங்குத்தான ஈரச் சரிவில் பின் பிரேக் மட்டும், அல்லது இன்ஜின் மட்டும் என்று போனால் வண்டி கட்டாயம் வேகமெடுக்கும். ஓட்டுபவரின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் தள்ளி உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்பார்கள். உட்கார வேண்டியதுதான், கைக்குப் பாரம் குறையும், பள்ளத்தில் முன் சக்கரம் இடறினால் தலைகுப்புற விழாமல் தப்பலாம். ஆனால் பின் சக்கரத்துக்கு அதனால் கூடுகிற பாரம் சில சதவீதம்தான்.

அடுத்தது மண். இதை நடந்து பார்த்தால்தான் தெரியும். மேலே வண்டியை நிறுத்திவிட்டு முதல் இருபது அடியாவது கீழே போய்க் குதிகாலால் அழுத்தித் திருகிப் பார்க்க வேண்டும். நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் ஊறிய செம்மண் பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் அது பரவாயில்லை. டயர் உள்ளே புதைந்து கொஞ்சம் கடிக்கும். காய்ந்து இறுகிய பாதையில் விழுந்த முதல் மழைதான் மோசம். மேல் தோல் மட்டும் நனைந்து, அடியில் கெட்டியாக இருக்கும். சோப்பு நீர் கொட்டிய சிமெண்டுத் தரைதான் அது. சில்வர் ஓக் மரத்தடியில் சருகு மூடிக் கிடக்கும் இடம் அதற்கு அடுத்த ரகம், அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துக் கல் பாவிய துண்டுகள் சில எஸ்டேட்களில் இன்னும் உண்டு. பாசி படிந்தால் அதில் எந்த டயரும் நிற்காது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஃபர்ஸ்ட் கியரில் போட்டுக் கிளட்சை விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இறங்குவதுதான் எல்லோரும் முதலில் சொல்லித் தருவது. 10 டிகிரிக்குள், மண் ஓரளவு பிடிக்கும் இடத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. பிரேக்கைப் போல இல்லாமல் இன்ஜின் ஒரே சீராக இழுத்துப் பிடிக்கும், சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும், இரண்டு கையும் ஹேண்டில்பாரைப் பிடிக்க ஓய்வாக இருக்கும். ஆனால் இன்ஜின் பிடிப்பதும் பின் சக்கரத்தைத்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு பின் பிரேக்தான், ஏபிஎஸ் (சக்கரம் உருளாமல் இறுகிவிடாதபடி பிரேக்கைத் தானாக விட்டு விட்டுப் பிடிக்கும் அமைப்பு) இல்லாத பின் பிரேக். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஃபர்ஸ்ட் கியரின் பிடி பலமாக இருப்பதால் வழுக்கு மண்ணில் பின் சக்கரம் உருளாமல் இழுபடத் தொடங்கும். முதலில் காதுக்குத்தான் தெரியும்: சைலன்சரின் ‘டப் டப்’ திடீரென்று இடைவெளி விட்டு விட்டு வரும், கூடவே பின்பக்கம் மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்கக் கூடாது. கிளட்சை ஒரு கணம் பிடித்து விட வேண்டும், அல்லது ஆக்சிலேட்டரை ஒரு பொட்டு திருக வேண்டும். சக்கரம் திரும்ப உருண்டால் வண்டி நேராகிவிடும். மண் ரொம்பவே வழுக்கினால் செகண்ட் கியரில் இறங்குவது பல சமயம் ஃபர்ஸ்ட் கியரைவிட நல்லது. கேட்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் பிடி இளகினால்தான் சக்கரம் உருளும். ஹிமாலயன் 450-இல் இருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் கியர் குறைக்கும்போது பின் சக்கரம் துள்ளுவதை அடக்கும். அதற்காக இன்ஜின் பிடியே இல்லாமல் போய்விடாது.

இந்த வழி எல்லா வண்டிக்கும் கிடைக்காது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இல் கிளட்ச் தானாக இயங்குவது. இன்ஜின் சுற்று குறைந்ததும் அது விட்டுவிடும், வண்டி நியூட்ரலில் உருள்வது போல உருளும். ஸ்கூட்டரும் அப்படித்தான். பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும்: டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இழுத்துப் பிடிக்கும் பலம் குறைவு. இந்த வண்டிகளில் பிரேக்தான் கதி.

பின் பிரேக்கை மிதித்தபடி வருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே சொன்ன கணக்குதான். லாக் ஆன, அதாவது உருளாமல் இறுகிப்போன பின் சக்கரம் வண்டியின் வாலைக் கீழே கொண்டுவரப் பார்க்கும். இன்னொரு விஷயம்: 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் ஏபிஎஸ் இல்லாவிட்டால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயம். பெடலை மிதித்தால் முன் சக்கரமும் கொஞ்சம் பிடிபடும். ‘நான் பின் பிரேக் மட்டும்தான் பிடித்தேன், முன்னால் எப்படி வழுக்கியது?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான்.

இனி முன் பிரேக். இதில்தான் சண்டையே. வத்தலக்குண்டில் எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் ஒரு தடவை பேச்சுக் கொடுத்தேன்.

“மலையில இறங்கையில முன் பிரேக்கத் தொட்ட, பல்டிதான் தம்பி.”

“மண்ணுல எப்படிண்ணே பல்டி அடிக்கும்? வழுக்கத்தானே செய்யும்?”

“வழுக்குனா மட்டும் சும்மா விடுமா?”

அவர் சொன்னதில் பின்பாதி சரி, முன்பாதி இல்லை. தலைகுப்புறக் கவிழ முன் டயர் தரையை இறுகப் பிடித்தாக வேண்டும். காய்ந்த தார் ரோட்டில், அல்லது கல் முட்டும் இடத்தில் அது நடக்கும். ஈர மண்ணில் அவ்வளவு பிடிப்பே இல்லை, அதற்கு வெகு முன்பே டயர் வழுக்கிவிடும். ஆகவே பயப்பட வேண்டியது சக்கரம் லாக் ஆவதற்கு. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது லாக் ஆனால் கண் இமைப்பதற்குள் கீழே கிடப்போம். நேராக இருக்கும்போது என்றால் விரலை விட்டதும் சக்கரம் திரும்ப உருளும். ஒரே ஒரு விரல், மெல்லச் சேர்த்து, வழுக்கிய நொடியில் விட்டுவிட்டு, மறுபடி மெல்லச் சேர்க்க வேண்டும். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, வளைவுக்குள் விரலை எடுத்துவிட வேண்டும். 10 டிகிரியைத் தாண்டிய ஈரச் சரிவில் பொதுவாக இன்ஜினோடு இந்த ஒரு விரலும் சேர்ந்துதான் என்னுடைய தேர்வு. முன் பிரேக்கைத் தொடவே மாட்டேன் என்பவர் கிடைக்கும் பிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கை வேண்டாம் என்று விட்டுவிட்டு இறங்குகிறார். ஆனால் இதைச் சமதரை மண்ணில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பழகிய பிறகே மலைக்குக் கொண்டுவர வேண்டும். இறக்கத்தில் வந்து பழக முடியாது.

ஏபிஎஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈர மண்ணில் ஏபிஎஸ் ஓயாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால், நிற்கும் தூரம் நீண்டுகொண்டே போகும். அதனால் எல்லாவற்றையும் அணைத்துவிடு என்று வீடியோ போடுகிறவர்கள் சொல்கிறார்கள். கை தேர்ந்தவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு முன்பக்கம் இருக்கட்டும், பின்பக்கம் மட்டும் அணைப்பதே போதும். ஹிமாலயனில் அப்படி அணைக்க வசதி உண்டு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், அணைக்கப் பின்னால் ஒன்றுமில்லை. பல வண்டிகளில் சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டதும் ஏபிஎஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். நடுவில் நிறுத்தினால் திரும்பப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

20 டிகிரியை நெருங்கும் துண்டு, அடியில் கெட்டி, மேலே வழுக்கு. இங்கே ஓடும் இன்ஜின் உதவியைவிட உபத்திரவம்தான். ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜின் நின்றுவிடக் கூடாது என்று கம்ப்யூட்டர் ஐடிலை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் சுற்றைத் தூக்கிப் பிடிக்கும். நடை வேகத்துக்குக் கீழே போக விடாமல் அது நம்மைத் தள்ளும். கிளட்சைப் பிடித்தால் வண்டி பாயும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஹேண்டில்பாரில் இருக்கும் கில் சுவிட்சால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். கியர் ஃபர்ஸ்டிலேயே இருக்கட்டும். இப்போது கிளட்ச் லீவர்தான் உங்கள் பின் பிரேக்: பிடித்தால் சக்கரம் உருளும், விட்டால் நிற்கும். பாதி விட்டால் பாதி. வலது கையில் முன் பிரேக், இடது கையில் பின் பிரேக், இரண்டு காலும் தரையில் ஊன்ற ஓய்வாக இருக்கும். அரை அடி, ஒரு அடி என்று இறக்கலாம், நடுவில் நின்று மூச்சும் வாங்கிக்கொள்ளலாம். கில் சுவிட்சை மட்டும் போடுங்கள். சாவியை அணைத்தால் விளக்கும் போகும், ஏபிஎஸும் போகும். சத்தம் அடங்கியதும் டயர் மண்ணில் நசுங்கும் ஒலி வரை கேட்கும், எங்கே வழுக்கத் தொடங்குகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நீளமான இறக்கத்துக்கு இது ஒத்துவராது, கை அயர்ந்துபோகும். ஐம்பது, அறுபது அடித் துண்டுக்கு இதுதான் நல்ல வழி.

காலை உரசிக்கொண்டு இறங்குபவர்களைக் கிண்டல் செய்யத் தேவையில்லை, எடை குறைந்த வண்டியில் அது வேலைக்காகும். பெரிய வண்டியில் வேண்டாம். ஃபுட் ரெஸ்டுக்கும் தரைக்கும் நடுவில் கணுக்கால் மாட்டினால் அந்த வருடம் காபிப் பழம் பறிக்க ஆள் வைக்க வேண்டியதுதான்.

பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் எக்ஸ்எல்லில் காபிப் பழ மூட்டையோடு இறங்குவதை நின்று பார்த்திருக்கிறேன். வண்டியின் எடை 90 கிலோகூட இருக்காது, மூட்டை அதற்குச் சரிக்குச் சரி. மேல்பகுதியில் இரண்டு பிரேக்கையும் தட்டித் தட்டி, கால் இரண்டையும் தொங்கவிட்டு வருவார். ஜீப் தடத்தின் பள்ளத்துக்குள் இறங்கவே மாட்டார். நடுவில் புல் முளைத்திருக்கும் மேட்டில்தான் சக்கரம் போகும், புல் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். ஊற்று நீர் பாதையைக் கடக்கும் இடம் வந்ததும் யோசனையே இல்லாமல் வண்டியை விட்டு இறங்கி, மேட்டுப் பக்கம் நின்று, முன் பிரேக்கைப் பிடித்தபடி நடத்திக்கொண்டு போவார். தாண்டியதும் ஏறிக்கொள்வார். அவரிடம் பட்டன் டயரும் (மேடு மேடான கட்டைகள் உள்ள மண் பாதை டயர்) இல்லை, ஏபிஎஸும் இல்லை. எந்த இடத்தில் இறங்குவது என்பது மட்டும் தெரியும்.

நடத்திக்கொண்டு போவதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். பாசிக் கல்லுக்கும் சரிவோடு வளைவும் சேர்ந்த இடத்துக்கும் அதற்கு மாற்று கிடையாது. இன்ஜின் அணைந்திருக்க, ஃபர்ஸ்ட் கியரில், இடது கையில் கிளட்ச், வலது கையில் முன் பிரேக். பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மேட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும், வழுக்கினால் வண்டி போகட்டும், நாம் அதற்கு அடியில் இருக்கக் கூடாது. இங்கேதான் எடை பேசும். எக்ஸ்பல்ஸ் 160 கிலோ சுமார், ஹிமாலயன் 450 என்றால் 196. இரண்டு பேர் இல்லாமல் 196 கிலோவைச் சேற்றிலிருந்து தூக்கி நிமிர்த்துவது லேசுப்பட்ட வேலையல்ல. தோட்டத்துக்கென்றே வண்டி வாங்கப் போகிறவர் என்னைக் கேட்டால் எடை குறைந்ததைத்தான் சொல்வேன், குதிரைத் திறன் இறக்கத்தில் எதற்கும் உதவாது.

டயர் காற்றைக் குறைப்பது பற்றிக் கேட்பார்கள். மண் பாதைக்கு 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பிடிப்பு கூடும். ஆனால் கல் முட்டினால் டியூப் கிழியும், திரும்பத் தார் ரோட்டில் ஏறியதும் அடித்தாக வேண்டும். கையில் பம்ப் இல்லாமல் குறைக்க வேண்டாம். பட்டன் டயர் உதவும், ஆனால் ஒட்டும் களிமண்ணில் பட்டன்களுக்கு நடுவே மண் அப்பி, அதுவும் நாற்பது அடியில் மொட்டை டயராகிவிடும்.

காத்திருப்பதும் சுற்றிப் போவதும் மிச்சம். வடகிழக்குப் பருவத்தில் நம் பக்கம் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். இறங்கும் வேலையைக் காலையிலேயே முடித்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை. தோட்டத்துக்கு இரண்டு வாசல் இருந்தால், இறங்குவதற்கு நீளமான பாதையை வைத்துக்கொண்டு செங்குத்தானதை ஏறுவதற்கு விடலாம். ஈர மண்ணில் ஏறுவது கடினம், ஆனால் தோற்றால் அடி குறைவு. பின்னால் ஆள் இருந்தால் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் தேவையில்லை. மேலேயே இறக்கிவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றாமல். பாதையோரமாக, வண்டிக்கு மேட்டுப் பக்கமாக, நீங்கள் கீழே போய்ச் சேர்ந்து கை காட்டிய பிறகு.